மண்ணும் முத்திரையும்

தமிழ்நாட்டை விட்டு வெளியே வந்து வாழும் நம்மவர் இல்லங்களில் காலை உணவு, சென்ற முப்பது ஆண்டுகளில் ஆரவாரமின்றி மாறியிருக்கிறது. மாவு புளிக்க மறுக்கும் தில்லிக் குளிர்காலத்திலும், விடிந்ததும் விடியாததுமாக மின்சார ரயிலைப் பிடிக்க ஓடவேண்டிய மும்பையிலும், இட்லிப் பானைக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப் பெட்டி இடம் பிடித்துக்கொண்டது. அதற்குள் மக்காச்சோளச் செதில் இருக்கும். அல்லது ஓட்ஸ் இருக்கும். அல்லது உலர்ந்த பழமும் கொட்டைகளும் கலந்த மூஸ்லி இருக்கும். அண்மைக் காலத்தில் அப்பெட்டிகள் சிலவற்றின்மேல் ‘ஆர்கானிக்’ என்னும் சொல்லும், அதற்குச் சான்றாக ஒரு முத்திரையும் காணப்படுகின்றன. சொல் ஏறியவுடன் விலையும் ஏறிவிடுகிறது. இச்சொல் எங்கிருந்து வந்தது, எதற்கு அது உறுதி கூறுகிறது, எதற்குக் கூறுவதில்லை என்பவற்றை அறிய வேண்டுமானால், இரண்டு தனித்தனி வரலாறுகளை நாம் பின்தொடர வேண்டும். ஒன்று பெட்டியின் வரலாறு. அது அமெரிக்காவில் தொடங்குகிறது. மற்றொன்று மண்ணின் வரலாறு. அதன் முக்கியமான ஏடுகள் பல இந்தியாவில் எழுதப்பட்டன, அவற்றுள்ளும் சில குன்னூரிலும் கோயம்புத்தூரிலும் எழுதப்பட்டன.

முதலில் பெட்டியை நோக்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐக்கிய அமெரிக்க நாடுகளில் வசதி படைத்தோர் காலையில் உண்டது பெரும்பாலும் இறைச்சியும் கொழுப்பும் ஆகும். அஜீரணம் அந்நாட்டின் தேசிய நோய் என்று சொல்லத்தக்க அளவுக்குப் பரவியிருந்தது. சில்வெஸ்டர் கிரஹாம் என்ற சமயப் பிரசாரகர், தவிடு நீக்காத கோதுமை மாவே மனிதர்க்கு உகந்தது என்று 1830-களில் ஊர் ஊராகச் சென்று பேசினார். அவர் காட்டிய வழியில் நின்ற ஜேம்ஸ் காலெப் ஜாக்சன் என்ற மருத்துவர், நியூயார்க் மாநிலத்து டான்ஸ்வில் என்னும் ஊரில் நீர்ச் சிகிச்சை இல்லம் ஒன்றை நடத்திவந்தார். 1863-ஆம் ஆண்டில் அவர் அந்த மாவைக் கெட்டியாகச் சுட்டு, உடைத்து, மீண்டும் சுட்டு, அதற்குக் ‘கிரானுலா’ என்று பெயர் சூட்டினார். இரவு முழுவதும் ஊறவைத்தாலன்றி அதைக் கடிக்க இயலாது. இன்றைய பெட்டிகள் அனைத்துக்கும் மூதாதை இந்தக் கற்கண்டு போன்ற மாவுக் கட்டிதான்.

அங்கிருந்து கதை மிச்சிகன் மாநிலத்துப் பேட்டில் கிரீக் நகருக்குச் செல்கிறது. ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையினர் அங்கே நடத்திவந்த ஆரோக்கிய இல்லத்தின் தலைமை மருத்துவர் ஜான் ஹார்வி கெல்லாக். புலால் உண்ணாதவர், தம்மிடம் வந்த நோயாளிகளையும் உண்ண விடாதவர். 1894-இல் ஒரு நாள், வேகவைத்த கோதுமை வேறு வேலைகளின் நெருக்கடியில் அப்படியே கிடந்துவிட்டது என்றும், பிறகு அதை உருளைகளுக்கிடையே செலுத்தியபோது ஒவ்வொரு மணியும் தனித்தனிச் செதிலாக விழுந்தது என்றும் சொல்வார்கள். நெடுநேரம் கிடந்ததால் மணிக்குள் ஈரம் சீராகப் பரவியதே அதன் காரணம். 1896 ஏப்ரல் 14 அன்று இம்முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. நெல்லை ஊறவைத்து, வறுத்து, சூடு ஆறுமுன் உலக்கையால் இடித்து அவலாக்கும் நம் நாட்டுப் பெண்டிர்க்கு ஈரமும் சூடும் சேர்ந்து தானியத்தை என்ன செய்யும் என்பது புதுச் செய்தியன்று. அவர்கள் காப்புரிமை எதுவும் கேட்கவில்லை, அவ்வளவுதான். 1904-ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் அரிசியைப் பீரங்கிக் குழலிலிட்டு வெடிக்கச் செய்து பொரியாக்கிக் காட்டியபோது மக்கள் வியந்து நின்றார்களாம். சூடான மணலில் பொரி பொரிப்பவரைச் சந்தைதோறும் கண்ட நமக்கு அந்த வியப்பு சற்று மிகையாகவே தோன்றும்.

ஆனால் அவலுக்கும் கார்ன் பிளேக்ஸுக்கும் உள்ள வேற்றுமை அவற்றைச் செய்யும் முறையில் இல்லை. விற்கும் முறையிலேயே இருக்கிறது. 1891-இல் கெல்லாக்கின் இல்லத்தில் நோயாளியாகத் தங்கியிருந்த சி. டபிள்யு. போஸ்ட் என்பவர் அங்கே கண்டதைக் கொண்டு தாமே ஒரு தொழிலைத் தொடங்கினார். 1897-இல் ‘கிரேப் நட்ஸ்’ வெளிவந்தது. அதில் திராட்சையும் இல்லை, கொட்டையும் இல்லை; ஆயினும் உடலுக்கும் மூளைக்கும் வலுவூட்டும் என்ற விளம்பரம் இருந்தது. குடல்வால் அழற்சியைக் கூட அது தடுக்கும் என்பதாக விளம்பரங்கள் எல்லை கடந்தபோது, காலியர்ஸ் என்ற வார இதழ் அதைக் கண்டித்தது, போஸ்ட் அவ்விதழைப் பழித்துப் பணம் கொடுத்து விளம்பரம் செய்தார், வழக்கு மூண்டது. 1910-இல் ஜூரி அவருக்கு எதிராக 50,000 டாலர் தீர்ப்பளித்தது. மருத்துவரின் தம்பி வில் கீத் கெல்லாக்கோ 1906-இல் தனி நிறுவனம் அமைத்து, பெட்டியின்மேல் தம் கையெழுத்தையே வணிகக் குறியாகப் பொறித்தார். நோயாளியின் பத்தியமாகப் பிறந்த உணவு பத்தே ஆண்டுகளில் வணிகரின் சரக்காகிவிட்டது.

இவ்வணிகத்தின் உள்கணக்கை ஓர் எண் நன்கு விளக்கும். அமெரிக்க வேளாண் துறையின் பொருளாதார ஆய்வுப் பிரிவு 2008-இல் ஒரு கணக்கை வெளியிட்டது. 18 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 510 கிராம் எடையுள்ள கார்ன் பிளேக்ஸ் பெட்டியில் சேரும் மக்காச்சோளம் 12.9 அவுன்ஸ். அதற்கு முந்திய இருபது ஆண்டுகளின் சராசரி விலைப்படி அந்தச் சோளத்தின் மதிப்பு 3.3 சென்ட். பெட்டியின் விலையோ சில டாலர். எஞ்சிய தொகையெல்லாம் ஆலைக்கும் அட்டைக்கும் போக்குவரத்துக்கும் விளம்பரத்துக்கும் கடைக்கும் போகிறது. உழவர் பங்கு மிகச் சிறிது. பெயரின் பங்கு மிகப் பெரிது. இந்த எண்ணை நேயர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் இது நமக்குப் பயன்படும்.

ஐரோப்பாவில் பிர்ஹர்-பென்னர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சூரிக் நகரில் தம் நோயாளிகளுக்கு வேறொரு காலை உணவைக் கொடுத்துவந்தார். துருவிய பச்சை ஆப்பிளே அதில் பெரும்பகுதி; ஊறிய ஓட்ஸ் ஒரு கரண்டி; எலுமிச்சைச் சாறும் பாலும் கொட்டைத் தூளும் சிறிது. இன்று மூஸ்லி என்று விற்கப்படும் பெட்டியில் விகிதம் தலைகீழாகிவிட்டது: தானியம் மலை, பழம் கடுகு. அமெரிக்காவிலோ இரண்டாம் உலகப் போருக்குப் பின் சர்க்கரை புகுந்தது. 1952-இல் கெல்லாக் நிறுவனம் சர்க்கரை பூசிய செதிலை அறிமுகப்படுத்தியது. மறு ஆண்டு வந்த மற்றொரு சரக்கில் எடையில் பாதிக்கும் மேற்பட்டது சர்க்கரையே. 1970-இல் ராபர்ட் சோட் என்பவர் அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சியளித்தபோது, தாம் வரிசைப்படுத்திய 60 சிற்றுண்டித் தானியங்களுள் 40 ஊட்டமற்ற வெறும் கலோரிகளே என்றார். நோயைத் தீர்க்கப் புறப்பட்ட பெட்டி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

இனி மண்ணின் கதைக்கு வருவோம். காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்யும் ஹேபர்-பாஷ் முறை 1913-இல் ஜெர்மனியில் ஆலைத் தொழிலாயிற்று. இரண்டு போர்களுக்குப் பிறகு இரசாயன உரம் உலகெங்கும் மலிந்தது. அதன் பயனை நாம் குறைத்துக் கூறலாகாது. இன்றைய உலக மக்கள்தொகையில் பெரும் பகுதி அதை நம்பியே உண்கிறது. ஆனால் அதற்கு மாறான ஒரு சிந்தனையும் அதே காலத்தில் உருவாகியது. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் ருடால்ப் ஸ்டைனர் 1924-இல் ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்து ஒரு கிளை தோன்றியது. 1928-இல் எழுந்த அதன் ‘டெமீட்டர்’ வணிகக் குறி இவ்வகைக் குறிகளுள் மிகப் பழையது. மற்றொரு கிளை, நமக்கு மிக நெருக்கமானது, பீகாரில் தோன்றியது.

ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலத் தாவர அறிஞர் 1905-இல் பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பணியேற்றார். 1934-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அந்நிலையம் சிதைந்து, பின்னர் தில்லிக்கு மாற்றப்பட்டது. தில்லியில் கரோல் பாக் பகுதியில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழர்கள் நாள்தோறும் கடக்கும் பூசா சாலைக்குப் பெயர் வந்த வழி இதுதான். ஹோவர்டு தமக்குக் கற்றுத் தந்த பேராசிரியர்கள் என்று பீகார் உழவர்களையும் பயிர்ப் பூச்சிகளையும் குறிப்பிட்டார். உரமும் மருந்தும் இல்லாமல் அவ்வுழவர் எவ்வாறு நலமான பயிர் விளைவிக்கின்றனர் என்று பார்ப்பதே அவர் ஆராய்ச்சியின் தொடக்கம். 1924 முதல் 1931 வரை அவர் இந்தூரில் இருந்தார். அவர் மனைவியாரும் உடன் ஆராய்ச்சியாளருமான கேப்ரியேல் பங்கு இப்பணியில் சிறிதன்று. பயிர்க் கழிவும் சாணமும் கோமியம் ஊறிய மண்ணும் சாம்பலும் அடுக்கடுக்காக இட்டு, குறித்த நாட்களில் புரட்டி, ஏறத்தாழ மூன்று மாதத்தில் மக்கு உரமாக்கும் முறை அங்கே செப்பம் பெற்று, ‘இந்தூர் முறை’ என்று உலகமெங்கும் பெயர் பெற்றது. அதை விளக்கி 1931-இல் வெளிவந்த நூலின் அட்டையில் ஹோவர்டின் பெயரோடு யஷ்வந்த் வாட் என்ற இந்தியரின் பெயரும் உண்டு. பிற்காலத்தார் முன்னவரை நினைத்த அளவுக்குப் பின்னவரை நினைக்கவில்லை. கூட்டியும் குறைத்தும் சொல்லாமல் உரைப்பதானால், சீன உழவரின் பழைய முறைகளும் இந்திய உழவரின் வழக்கமும் ஐரோப்பிய அறிவியலின் அளவுகோலும் கூடிப் பெற்ற பிள்ளை இது. இந்தூர் நகரம் இன்று காலை உணவுக்குப் பெயர் பெற்றது என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடலாம்; அங்கே தெருவெல்லாம் விற்கும் போஹா நம் அவலேயன்றி வேறில்லை.

இதே ஆண்டுகளில் நீலகிரியில் வேறொருவர் உழைத்துக்கொண்டிருந்தார். ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவ அதிகாரி, குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் 1918-இல் ஒற்றை அறையில் பெரிபெரி நோய் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த அறைதான் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை அப்படியே வெள்ளெலிகளுக்கு ஊட்டி அவர் ஒப்பிட்டார். முழுக் கோதுமைச் சப்பாத்தியும் பாலும் பருப்பும் காய்கறியும் உண்ட சீக்கியர் உணவு எலிகளை நன்கு வளர்த்தது. தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாணத்தார் உணவு பின்தங்கியது. நம்மவர்க்கு இனிக்கும் செய்தியன்று. ஆயினும் தவிட்டோடு எதை இழக்கிறோம் என்பதை நமக்கு உணர்த்திய செய்தி.

அவர் அதோடு நிற்கவில்லை. தானியம் எத்தகைய மண்ணில் விளைந்தது என்பதும் உண்பவரின் உடலைப் பாதிக்குமா என்ற வினாவை எழுப்பினார். கோயம்புத்தூர் வேளாண் இரசாயன அறிஞர் பி. விசுவநாத்துடன் சேர்ந்து, தொழுவுரமிட்டு விளைந்த சிறுதானியத்தையும் கோதுமையையும், இரசாயன உரமிட்டு விளைந்தவற்றையும் பிராணிகளுக்கு ஊட்டிச் சோதித்தார். 1926-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை தொழுவுரத்துத் தானியமே ஊட்டத்தில் உயர்ந்தது என்று கூறியது. இம்முடிவு பின்னாளில் ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்படவில்லை என்பதை உடனே சொல்லிவிட வேண்டும். 2012-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, ஊட்டத்தில் பெரிய வேற்றுமைக்கு வலுவான சான்று இல்லை என்றும், பூச்சிமருந்தின் எச்சம் குறைவு என்றும் கண்டனர். 2014-இல் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் தலைமையில் வந்த மற்றொரு தொகுப்பு, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சில பொருள்கள் மிகுதி என்றும் காட்மியம் என்னும் நச்சு உலோகம் குறைவு என்றும் கண்டது. வழக்கு இன்னும் முடியவில்லை.

1939 மார்ச்சில் இங்கிலாந்தின் குரூ நகரில் செஷயர் வட்டாரத்து மருத்துவர்கள் கூட்டிய ஒரு கூட்டத்தில் ஹோவர்டும் மெக்காரிசனும் ஒரே மேடையில் பேசினார்கள். இந்தூர் உரக்குழியும் குன்னூர் எலிக்கூண்டும் சந்தித்த இடம் அது. அடுத்த ஆண்டில் ஹோவர்டின் பெயர் பெற்ற வேளாண்மை நூலும், நார்த்போர்ன் பிரபுவின் நூலும் வெளிவந்தன. ‘ஆர்கானிக்’ வேளாண்மை என்ற தொடரை வழக்கில் விட்டது இந்தப் பின்னவரின் நூலே. 1943-இல் ஈவ் பால்பர் அம்மையார் எழுதிய நூலின் பயனாக 1946-இல் பிரிட்டனில் மண் சங்கம் தோன்றியது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எம் போன்றோர்க்கு இச்சொல் ஒரு சோதனை. ‘கரிம வேளாண்மை’ என்பார் உளர். ‘அங்கக’ என்பார் உளர். ‘இயற்கை’ என்பார் பலர். நார்த்போர்ன் கரியைப் பற்றியோ இரசாயனத்தைப் பற்றியோ பேசவில்லை. பண்ணை முழுவதும் உறுப்புகள் ஒன்றையொன்று தாங்கும் ஓர் உயிர்போல் இயங்க வேண்டும் என்பதே அவர் கருத்து. ஆதலின் ‘உயிர்ம வேளாண்மை’ என்ற தமிழ் வழக்கே கருத்தோடு மிகப் பொருந்துவது என்பது எம் துணிபு. இந்தியில் ‘ஜைவிக்’ என்றதும் இதே தடத்தில்தான். ‘இயற்கை’ என்ற சொல்லை இதற்கு ஆளுவதில் இடர் உண்டு. அது ஏன் என்பது சற்றுப் பின்னர்த் தெரியும்.

இவ்விரு கதைகளும் ஒன்றாய் இணைந்தது 1960-களின் இறுதியில், வணிகத்தில் நாட்டமில்லாத இளைஞர்களின் கையில். கனடாவைச் சேர்ந்த ஆரன் ஸ்டீபன்ஸ் தில்லியில் ஓர் ஆன்மிக குருவிடம் சில மாதங்கள் தங்கித் திரும்பி, 1967-இல் வான்கூவரில் சைவ உணவகம் தொடங்கினார். அவரும் இந்தியாவில் பிறந்த அவர் மனைவி ரத்தனாவும் 1985-இல் ‘நேச்சர்ஸ் பாத்’ என்ற நிறுவனத்தை நிறுவி உயிர்மச் சிற்றுண்டித் தானியங்களை விற்றனர். அது இன்றளவும் அக்குடும்பத்தின் உடைமையாகவே இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்து ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் ஜீன் கான் என்ற இளைஞர் 1972-இல் தொடங்கிய ‘காஸ்கேடியன் பார்ம்’ பண்ணையின் கதை வேறு விதமாகச் சென்றது. அதைச் சற்றுப் பின்னர்ச் சொல்வோம். அதே 1972-இல் பிரான்சின் வெர்சேல்ஸ் நகரில் உயிர்ம வேளாண் இயக்கங்களின் உலகக் கூட்டமைப்பு அமைக்கப்பட்டது.

அந்நாள் வரை ‘ஆர்கானிக்’ என்பது அறிமுகமானவர் தம்முள் சொல்லிக்கொண்ட சொல். கடை பெருகி, விளைந்த இடத்துக்கும் விற்கும் இடத்துக்கும் ஆயிரம் மைல் இடைவெளி ஏற்பட்டபோது, சொல்லுக்குச் சட்டம் தேவைப்பட்டது. ஐரோப்பிய சமூகம் 1991-இல் விதி வகுத்தது. அமெரிக்கக் காங்கிரஸ் 1990-இல் சட்டம் இயற்றினாலும், விதிகளை எழுதப் பத்தாண்டு பிடித்தது. 1997 டிசம்பரில் வெளியான முதல் வரைவு, மரபணு மாற்றிய விதையையும், கதிர்வீச்சுப் பதனத்தையும், நகரக் கழிவுநீர்ச் சேற்றையும் முற்றிலும் விலக்காமல் விட்டிருந்தது. இதை எதிர்த்து மக்கள் எழுதிய கடிதங்களும் கருத்துகளும் ஏறத்தாழ இரண்டேமுக்கால் லட்சம். அரசு பின்வாங்கியது, மூன்றும் விலக்கப்பட்டன, 2000 டிசம்பரில் இறுதி விதி வந்து, 2002 அக்டோபரில் முத்திரை நடைமுறைக்கு வந்தது. ஒரு சொல்லின் பொருளைக் காக்க இத்தனை பேர் மனு எழுதிய நிகழ்ச்சி நிருவாக வரலாற்றில் அரிது. எம் மேசையில் வந்து சேரும் விதித் தொகுப்புகளைப் பார்க்கும்போது, அவற்றின் ஒவ்வொரு காற்புள்ளிக்கும் பின்னால் இப்படிப்பட்ட பூசல் ஏதேனும் இருக்குமோ என்று எண்ணத் தோன்றுகிறது.

விதியின்படி, நீரும் உப்பும் நீங்கலாக 95 விழுக்காடேனும் உயிர்ம விளைபொருளாக உள்ள பெட்டியே முத்திரை பெறலாம். நிலத்தில் விலக்கப்பட்ட உரமோ மருந்தோ அறுவடைக்கு முந்திய 36 மாதங்கள் இடப்பட்டிருக்கலாகாது. இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முத்திரை வயலுக்குச் சாட்சி சொல்கிறது. கிண்ணத்துக்குச் சாட்சி சொல்வதில்லை. உயிர்மக் கரும்பிலிருந்து வந்த சர்க்கரையும் சர்க்கரையே. குழந்தைகளுக்கென்று முத்திரையோடு விற்கப்படும் தானியங்களுள் இனிப்பு மிகுந்தவை உண்டு. பெட்டியின் முகத்தைப் பார்த்தவர்கள் அதன் பக்கவாட்டில் உள்ள சிற்றெழுத்தையும் பார்ப்பது நலம்.

சட்டம் வருகிறது என்று தெரிந்தவுடன் பெரிய நிறுவனங்கள் விழித்துக்கொண்டன. ஜெனரல் மில்ஸ் நிறுவனம் 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் காஸ்கேடியன் பார்மைக் கைக்கொண்டது. அதே ஆண்டில் கெல்லாக், காஷி என்ற முழுத்தானிய நிறுவனத்தை வாங்கியது. 2014-இல் ஜெனரல் மில்ஸ் ஏறத்தாழ 82 கோடி டாலருக்கு ஆனீஸ் என்ற உயிர்ம உணவு நிறுவனத்தையும் வாங்கியது. ஏன் வாங்கினார்கள்? முன் சொன்ன 3.3 சென்ட் கணக்கை நினைவுகூர்ந்தால் விடை கிடைக்கும். தானியத்தின் விலை இரட்டிப்பானாலும் பெட்டிக்குச் சில சென்ட்டே கூடும். வாங்குபவரின் நம்பிக்கையை ஈட்டிய பெயரோ டாலர் கணக்கில் விலை கூட்ட இடந்தரும். போஸ்ட் விளம்பரத்தால் சம்பாதித்த நம்பிக்கையை இவர்கள் ஒரு பண்ணையின் பெயரால் பெற்றார்கள்.

அந்த நம்பிக்கை எளிதில் முறியும் என்பதும் விரைவில் தெரிந்தது. 2012-இல் காஷியின் பெட்டிகள் சிலவற்றில் ‘இயற்கையானது’ என்று எழுதப்பட்டிருந்தும் உள்ளே மரபணு மாற்றிய சோயா இருந்தது வெளிப்பட்டு, கண்டனம் எழுந்தது. ‘உயிர்ம’ என்பதற்குச் சட்டப் பொருள் இருந்தது. ‘இயற்கை’ என்பதற்கு அங்கே இல்லை. முன்னர் நாம் குறிப்பிட்ட இடர் இதுவே. பின்னர் 2016-இல் அதே நிறுவனம் மெச்சத்தக்க ஒன்றைச் செய்தது. மூன்றாண்டு மாற்றக் காலத்தில் உழவருக்கு விளைச்சல் குறைகிறது, உயர் விலையோ இன்னும் கிடைப்பதில்லை. அந்த இடைக்காலத்துக் கோதுமையைக் கூடுதல் விலைக்கு வாங்கி, ‘மாற்றத்திலுள்ளது’ என்ற தனிச் சான்றோடு ஒரு தானியத்தை விற்றது. பெட்டியின் மேலே உழவரின் கடினமான ஆண்டுகள் எழுதப்பட்டது அநேகமாக அதுவே முதல் முறை. கெல்லாக் நிறுவனமோ 2023-இல் இரண்டாகப் பிரிந்தது. அதன் வட அமெரிக்கச் சிற்றுண்டித் தானியப் பகுதியை 2025-இல் இத்தாலிய மிட்டாய் நிறுவனமான பெரேரோ வாங்கிவிட்டது. பத்தியத்தில் தொடங்கியது மிட்டாய்க் கடையில் வந்து சேர்ந்திருக்கிறது. மருத்துவர் கெல்லாக் இதைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிப்பது கடினமன்று.

இன்றைய நிலையைச் சுருக்கமாகக் காண்போம். 1999-இல் உலகில் 1 கோடியே 10 லட்சம் ஹெக்டேர் நிலம் உயிர்ம வேளாண்மையில் இருந்தது. 2023-இல் அது 9 கோடியே 89 லட்சம் ஹெக்டேர். உலக விற்பனை 2000-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,500 கோடி யூரோ. 2023-இல் ஏறத்தாழ 13,600 கோடி யூரோ. அமெரிக்கச் சந்தையே இன்றும் மிகப் பெரியது. சிற்றுண்டித் தானியத்தில் இப்போது காணும் போக்குகள் சில: சர்க்கரை குறைந்தவை, முளைகட்டிய தானியம், கோதுமைப் பசை ஒவ்வாதவர்க்கான சரக்கு, வரகும் சாமையும் போன்ற பழந்தானியங்களுக்கு மீண்டும் மதிப்பு. ஜெர்மனியில் ஆல்டி, லிடில் போன்ற மலிவு விலைக் கடைகளே தம் பெயரில் உயிர்ம மூஸ்லி விற்பதால் அங்கே விலை இறங்கியிருக்கிறது. விலை இறங்குவது வாங்குவோர்க்கு நன்று. விளைவிப்போர்க்கும் நன்றா என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும் விடை.

தேவை பெருகிய வேகத்துக்கு வயல்கள் பெருகவில்லை. இடைவெளியில் மோசடி புகுந்தது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் சாதாரணத் தானியத்தை உயிர்மத் தானியமென்று ஆண்டுக்கணக்கில் விற்று, பத்துக் கோடி டாலருக்கு மேல் ஈட்டிய வணிகர் ஒருவருக்கு 2019-இல் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. இறக்குமதியாகும் ஒவ்வொரு சரக்குக்கும் மின்னணுச் சான்று வேண்டும் என்ற கடுமையான விதி அங்கே 2024 மார்ச்சு முதல் நடைமுறையில் உள்ளது.

இச்சந்தையில் இந்தியாவின் இடம் விசித்திரமானது. கெல்லாக் 1994-இல் இங்கு வந்தபோது, நம்மவர் சூடான பாலை ஊற்றினர். மொறுமொறுப்பு அப்பொழுதே போயிற்று. அன்று அந்நிறுவனம் தடுமாறியது உண்மை; இன்று நகரங்களில் அது வேரூன்றிவிட்டது. உயிர்ம வேளாண்மையிலோ நாம் வாங்குவோராக அன்றி, விளைவிப்போராகவே முன்னிற்கிறோம். 2023-ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலக உயிர்ம உழவர் 43 லட்சம் பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர். ஆனால் உலக விற்பனைத் தொகையின் பெரும்பகுதி வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலுமே புரளுகிறது. 2016-இல் சிக்கிம் முழு உயிர்ம மாநிலமென அறிவிக்கப்பட்டது. இந்தியாவின் முயற்சியால் 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதன் பின்னர்க் கேழ்வரகுச் செதிலும் கம்பு மூஸ்லியும் கடை அலமாரிகளில் பெருகியுள்ளன. அமெரிக்காவில் நடந்ததே இங்கும் நடக்கிறது. கேழ்வரகுச் சிற்றுண்டி செய்த பெங்களூர் நிறுவனமான சோல்புல்லை டாட்டா குழுமம் 2021-இல் வாங்கியது. ‘24 மந்த்ரா’ என்ற பெயரில் உயிர்ம உணவு விற்ற ஹைதராபாத் நிறுவனத்தை ஐ.டி.சி. 2025-இல் வாங்கியது.

இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருக்கும் உழவர் தனித்தனியே சான்றுக் கட்டணம் கட்ட இயலாது. ஆகவே நம் தேசிய உயிர்ம உற்பத்தித் திட்டத்தில் 500 பேர் வரை ஒரு குழுவாகச் சேர்ந்து சான்று பெறலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பல குழுக்களை அமைத்துக் கட்டணமும் கட்டியவர் வணிகராகவே இருந்ததால், சான்றிதழும் அவர் கையிலேயே இருந்தது. விளைவித்தவர் வேறொருவரிடம் கொண்டு சென்றால் அதே தானியம் சாதாரணத் தானியமாகிவிடும். 2021-இல் அமெரிக்க அரசு, இந்தியக் கண்காணிப்பு முறைக்கு அதுவரை அளித்திருந்த அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. 2025 ஜனவரியில் வெளியிடப்பட்ட திருத்திய விதித் தொகுப்பு, உழவர் குழுக்களுக்கே சட்டப்படியான தகுதியை அளிக்கிறது. முத்திரையை இனி உழவரே தம் பெயரில் வைத்திருக்கலாம். இந்தூரில் உரக்குழி வெட்டி ஏறத்தாழ நூறாண்டு ஆன பின் வந்திருக்கிறது இவ்விதி. எத்தனை குழுக்கள் வணிகரின் நிழலிலிருந்து வெளிவரும் என்பதை அடுத்த சில அறுவடைகள் காட்டும்.